நிதி வரும் முன் ஆள் வர வேண்டும்



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அமெரிக்கக் கிராமப்புறத்தைப் பற்றியது. வயலில் மண் அரிக்காமல் காக்கவும், ஓடையில் சாணமும் உரமும் கலக்காமல் தடுக்கவும், சரிவு நிலத்தில் புல் வளர்க்கவும் அந்நாட்டு அரசு ஆண்டுதோறும் பல நூறு கோடி டாலரை ஒதுக்குகிறது. பணம் ஒதுக்கப்படுவது வாஷிங்டனில். மண் கரைவதோ எங்கோ ஒரு கவுன்டியின் மூலையில், பெயர் தெரியாத ஒரு சரிவில். கவுன்டி என்றால் நம் மாவட்டத்தின் அளவுக்கு மக்கள்தொகை இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பத்தாயிரம் பேர்கூட இல்லாத கவுன்டிகள் அங்கே எத்தனையோ உண்டு. அப்படிப்பட்ட ஓர் ஊரில் இருக்கும் விவசாயி இந்தப் பணத்தை எப்படித் தேடிக் கண்டடைகிறார்? அந்த நீண்ட தூரத்தை யார் நடந்து கடக்கிறார்கள்? இதற்கு என் பதில் ஒன்றே. பணம் எவ்வளவு என்பதைவிட, அந்தக் கவுன்டியில் வயலில் இறங்கி நடந்து பார்த்துத் திட்டம் வரைந்து கொடுக்க ஓர் ஆள் இருக்கிறாரா என்பதுதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. இதை வரலாற்றைக் கொண்டும், இன்றைய நடைமுறையைக் கொண்டும் நிறுவ முயல்கிறேன். எதிர்த்துச் சொல்லக்கூடியவற்றுக்கும் பதில் சொல்கிறேன்.

முதலில் வரலாறு. நார்த் கரோலினாவின் ஆன்சன் கவுன்டியில் பருத்தி விளைவித்த குடும்பத்தில் பிறந்தவர் ஹியூ ஹம்மண்ட் பென்னெட் என்ற மண்ணியலாளர். 1928இல் அவர் சாப்ளைன் என்பவரோடு சேர்ந்து, மண் அரிப்பு ஒரு தேசிய ஆபத்து என்ற தலைப்பில் வேளாண்துறை வெளியீடாக ஒரு சிறு நூல் எழுதினார். ஐந்தாண்டு கழித்து, 1933இல், மண் அரிப்புத் தடுப்புக்கென்றே ஒரு சேவை அமைப்பு தொடங்கப்பட்டபோது அதன் தலைமை அவரிடம் வந்தது. கையில் பணம் இருந்தது. வேலையில்லாப் பஞ்சக் காலத்தில் அரசு முகாம்களில் சேர்க்கப்பட்ட இளைஞர்களின் உழைப்பும் இருந்தது. அவர் அந்தப் பணத்தை நாடெங்கும் தூவவில்லை. விஸ்கான்சின் மாநிலத்தில் கூன் வேலி என்ற ஒரு பள்ளத்தாக்கை முதல் செயல்விளக்கத்துக்குத் தேர்ந்தெடுத்தார்.

அந்தப் பள்ளத்தாக்கைக் கொஞ்சம் மனக்கண்ணில் பாருங்கள். இருபுறமும் செங்குத்தான மலைச்சரிவு. சரிவில் மரக்காடு, அந்தக் காட்டுக்குள்ளேயே மாடுகள் மேய்கின்றன. மேலே குன்றின் முதுகிலும் கீழே ஓடையோரமும் வயல்கள். நார்வேயிலிருந்து வந்து குடியேறியவர்கள் பலர். நிலத்தைச் சதுரம் சதுரமாகப் பிரித்து, மேட்டிலிருந்து பள்ளத்துக்கு நேர்கோடாக உழுதார்கள். மழை பெய்தால் உழவுச்சால் ஒவ்வொன்றும் ஒரு வாய்க்காலாகும். மாடு மிதித்து இறுகிய காட்டு நிலம் நீரை உறிஞ்சாது. மேலிருந்து பாய்ந்த வெள்ளம் வயலைக் கிழித்து ஆளுயரத்துக்கும் மேலான பள்ளங்களைத் தோண்டியது; கரைந்த மண் கீழே இருந்த நல்ல வயல்களை மூடியது. மேட்டுக்காரரின் உழவு பள்ளத்துக்காரரின் நஷ்டம். இதில் தனியொரு விவசாயி என்ன செய்ய முடியும்?

பென்னெட்டின் ஆட்கள் அங்கே போய் என்ன செய்தார்கள்? ஒவ்வொரு பண்ணையாக நடந்தார்கள். மண் வல்லுநர், பொறியாளர், வனவியலாளர், பயிர் வல்லுநர் எல்லோரும் சேர்ந்து, அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து அந்த ஒரு பண்ணைக்கென்று ஒரு வரைபடம் போட்டார்கள். எந்தச் சரிவில் மாடு ஏறக்கூடாது, எங்கே வேலி, எந்த வயலைச் சம உயரக் கோட்டில் வளைத்து உழுவது, எந்தப் பட்டையில் மக்காச்சோளம், அதற்கு அடுத்த பட்டையில் எந்தத் தீவனப்புல் என்று எழுதினார்கள். விவசாயி ஐந்தாண்டுக்கு உடன்படிக்கை செய்துகொண்டார். அரசு முகாமின் உழைப்பையும் வேலிக்கம்பியையும் விதையையும் சுண்ணாம்பையும் கொடுத்தது. நானூறுக்கும் மேற்பட்ட விவசாயிகள் கையெழுத்திட்டார்கள். சூழலியல் அறிஞர் ஆல்டோ லியோபோல்ட் இந்த முயற்சிக்குத் துணை நின்று 1935இல் அதைப் பற்றி எழுதினார். பின்னாளில் புவியியலாளர் ஸ்டான்லி ட்ரிம்பிள் அந்த ஓடைப்படுகையில் படிந்த வண்டலைப் பல பத்தாண்டுகள் அளந்து, 1930களுக்குப் பிறகு வண்டல் படிவது பெருமளவு குறைந்துவிட்டதைக் காட்டினார். அந்த வளைந்த பட்டைப்பயிர் இன்றும் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது. அங்கே மண்ணைக் காத்தது டாலரா? டாலர் வேண்டியிருந்தது, மறுக்கவில்லை. ஆனால் அந்த டாலரை எந்தச் சரிவில், எந்த வடிவில் போடுவது என்று சொன்னவர்கள் வயலில் நடந்தவர்கள்.

1935 வசந்தத்தில் நடுச் சமவெளிகளின் புழுதி வாஷிங்டன் வரை பறந்து வந்தது. அந்த ஏப்ரல் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, வேளாண்துறைக்குள் நிரந்தரமான மண் பாதுகாப்புச் சேவை பிறந்தது. 1994 முதல் அதன் பெயர் இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை. அந்தச் சேவை தொடங்கியபோதே ஒரு சிக்கல் எழுந்தது. தலைநகரின் அதிகாரி தனியார் வயலுக்குள் எந்த உரிமையில் நுழைவார்? யார் சொல்லை விவசாயி நம்புவார்? 1937 பிப்ரவரியில் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் எல்லா மாநில ஆளுநர்களுக்கும் ஒரு மாதிரிச் சட்டத்தை அனுப்பினார். உள்ளூர் மக்களே ஒரு மண் பாதுகாப்பு வட்டத்தை அமைத்துக்கொள்ளலாம்; அதன் குழுவில் உள்ளூர் விவசாயிகளே இருப்பார்கள்; மத்திய அரசின் வல்லுநர் அந்தக் குழுவோடு சேர்ந்து வேலை செய்வார். அதே ஆண்டு ஆகஸ்ட் 4ஆம் நாள் முதல் வட்டம் பிரவுன் க்ரீக் என்ற பெயரில் உருவானது. எங்கே தெரியுமா? பென்னெட் பிறந்த ஆன்சன் கவுன்டியிலேயே. இன்று நாடெங்கும் ஏறத்தாழ 3,000 வட்டங்கள். அயோவாவில் கவுன்டிகள் 99, வட்டங்கள் 100. ஒவ்வொன்றுக்கும் மக்கள் தேர்ந்தெடுக்கும் ஐந்து பேர். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது.

அன்பர்களே, இனி இன்றைய வழியைப் பார்ப்போம். சரிவான நிலம் வைத்திருக்கும் ஒரு விவசாயியை எண்ணிக்கொள்ளுங்கள். வயலின் நடுவே மழைக்கு மழை ஒரு பள்ளம் ஆழமாகிறது. உதவி உண்டு என்று கேள்விப்படுகிறார். எத்தனை திட்டங்கள்! 1996இல் வந்த ஈக்விப், குறிப்பிட்ட ஒரு வேலைக்குச் செலவில் பங்கு கொடுக்கும். சிஎஸ்பி, ஏற்கெனவே நிலத்தை நன்றாகப் பேணுகிறவர் இன்னும் மேலே போக ஐந்தாண்டு ஒப்பந்தம் தரும். 1985இல் தொடங்கிய சிஆர்பி, அரிப்பு மிகுந்த நிலத்தைச் சாகுபடியிலிருந்து எடுத்துப் புல்லோ மரமோ வளர்த்தால் 10 முதல் 15 ஆண்டு வரை வாடகை கொடுக்கும். இவற்றோடு மாநில அரசின் நிதி, வட்டத்தின் நிதி. இந்தப் பெயர்களை மனப்பாடம் செய்வதிலிருந்து தொடங்குகிறவர் தொடக்கத்திலேயே களைத்துப்போவார். அனுபவமுள்ள வட்ட ஊழியர் எவரும் அவரிடம் திட்டத்தின் பெயரைக் கேட்பதில்லை. உங்கள் நிலத்தில் என்ன பிரச்சினை என்றுதான் கேட்பார். பிரச்சினை முதலில், திட்டம் பிறகு. இதுவே இந்தத் துறையின் முதல் பாடம்.

கவுன்டித் தலைநகரில் உள்ள வேளாண் சேவை மையத்துக்கு அவர் போகிறார். பல இடங்களில் பண்ணைச் சேவை முகமை, இயற்கை வளப் பாதுகாப்புச் சேவை, உள்ளூர் வட்டம் மூன்றும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். முதலில் பண்ணை எண் வேண்டும். அது இல்லாமல் எந்தக் கதவும் திறக்காது. பிறகு வருமான உச்சவரம்புக்கான படிவம். எளிதில் அரிக்கும் நிலத்தையும் சதுப்பு நிலத்தையும் விதிமுறைப்படிதான் பயன்படுத்துகிறேன் என்ற உறுதிமொழிப் படிவம் இன்னொன்று. அதன்பின் திட்டமிடுபவர் நிலத்துக்கு வருகிறார். இங்கேதான் விஷயம் இருக்கிறது, கவனியுங்கள். பள்ளத்தை மண் போட்டு மூடிப் புல் விதைத்தால் போதும் என்று விவசாயி நினைக்கிறார். அடுத்த பெருமழையில் அது போய்விடும். புல் வாய்க்காலுக்கு 412 என்ற எண்ணில் ஒரு தொழில்நுட்பத் தரம் இருக்கிறது. பத்தாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய 24 மணி நேர மழையின் உச்ச ஓட்டத்தை அது தாங்க வேண்டும். அப்படியானால் மேலே எத்தனை ஏக்கரிலிருந்து நீர் வருகிறது, சரிவு எவ்வளவு, மண் எந்த வகை, வாய்க்கால் முடியும் இடம் உறுதியானதா என்று அளக்க வேண்டும். ஒருவேளை நோயே வேறு இடத்தில் இருக்கலாம். மேலே உள்ள வயலில் அறுவடைக்குப் பின் மூடுபயிர் போட்டு, உழாமல் விதைத்தால் வரும் வெள்ளமே குறையும். இதைக் காகிதத்தில் பார்த்துச் சொல்ல முடியாது.

பிறகு விண்ணப்பம்; பிறகு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தல். ஆண்டு முழுவதும் விண்ணப்பம் வாங்குவார்கள், ஆனால் தரவரிசைக்கு ஒரு கடைசித் தேதி உண்டு. அதைத் தவறவிட்டால் அடுத்த சுற்று. தேர்வானால் ஒப்பந்தம். கையெழுத்தாவதற்கு முன் ஆர்வத்தில் வேலையைத் தொடங்கிவிட்டால், முன்னனுமதி இல்லாத பட்சத்தில் அந்த வேலைக்குப் பணம் கிடையாது. எத்தனை பேர் இதை அறியாமல் இழக்கிறார்கள்! வேலை முடிந்து, தரப்படி இருக்கிறது என்று அதிகாரி பார்த்துச் சான்று கொடுத்த பிறகே பணம். அதுவரை சொந்தப் பணமோ கடனோ போட வேண்டும். அதனால்தான் புதிதாக விவசாயத்துக்கு வந்தவர்கள், வருமானம் குறைந்தவர்கள், முன்னாள் படைவீரர்கள் ஆகியோருக்கு உதவி விகிதம் கூடுதல். வழக்கமான உச்சம் 75 சதவீதம் என்றால் இவர்களுக்கு 90 சதவீதம் வரை போகலாம், ஒரு பகுதியை முன்பணமாகவும் வாங்கலாம். நல்ல விதி. ஆனால் இந்த விதி தமக்குப் பொருந்தும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல யாராவது இருக்க வேண்டாமா?

இனி என் வாதத்தின் நடுப்பகுதிக்கு வருகிறேன். பணம் போதவில்லை என்பது உண்மை. மினியாபோலிஸ் நகரின் வேளாண்மை, வணிகக் கொள்கை நிறுவனம் 2021இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010க்கும் 2020க்கும் இடையில் ஈக்விப்புக்கு விண்ணப்பித்தவர்களில் 31 சதவீதம் பேருக்கே ஒப்பந்தம் கிடைத்தது. சிஎஸ்பியில் 42 சதவீதம். ஈக்விப்பில் மட்டும் மூன்றில் இரண்டு பேர் வெறுங்கையோடு திரும்பினார்கள். 2022 ஆகஸ்டில் நிறைவேறிய பணவீக்கக் குறைப்புச் சட்டம் பாதுகாப்புப் பணிக்கு ஏறத்தாழ 1,950 கோடி டாலர் கூடுதலாக ஒதுக்கியபோது பலரும் மகிழ்ந்தார்கள், நியாயமான மகிழ்ச்சி. அந்தத் தொகையில் நேரடித் தொழில்நுட்ப உதவிக்கென்று தனியே வைத்தது 100 கோடி. திட்டங்களுக்குள்ளும் அதற்கு ஓரளவு இடம் உண்டு என்றாலும், விகிதத்தைப் பாருங்கள். ஒப்பந்தங்களைப் பெருக்கும் பணம் ஒரே கையெழுத்தில் வந்துவிடும். சரிவைப் பார்த்தவுடன் நீர் எங்கே போகும் என்று சொல்லத் தெரிந்த திட்டமிடுபவர் உருவாகச் சில ஆண்டுகள் ஆகும். 2025இன் தொடக்கத்தில் புதிய நிர்வாகம் அந்தச் சட்டத்தின் கீழான பணத்தை நிறுத்திவைத்தது. கையெழுத்தான ஒப்பந்தத்தை நம்பிச் சொந்தப் பணத்தைச் செலவிட்டவர்கள் காத்துக்கிடந்தார்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடுவித்தார்கள். அதே ஆண்டு ஊழியர்களும் பெரும் எண்ணிக்கையில் வெளியேறினார்கள். நின்ற பணம் ஓர் ஆணையில் திரும்பி வரும். இருபது ஆண்டு அந்தக் கவுன்டியின் ஒவ்வொரு ஓடையையும் அறிந்த ஆள் போனால் எந்த ஆணையில் திரும்பி வருவார்?

பெரிய அளவில் இதற்குச் சான்று உண்டா? உண்டு. 1985ஆம் ஆண்டு வேளாண் சட்டம் ஒரு நிபந்தனை விதித்தது. எளிதில் அரிக்கும் நிலத்தில் பயிர் செய்துகொண்டு அரசு மானியம் வாங்க வேண்டுமானால், 1990க்குள் ஒரு பாதுகாப்புத் திட்டம் வேண்டும், 1995க்குள் அது முழுமையாக நடைமுறைக்கு வர வேண்டும். அந்த ஐந்தாண்டில் கவுன்டி ஊழியர்கள் லட்சக்கணக்கான பண்ணைகளுக்குத் திட்டம் எழுதினார்கள். அந்நாட்டின் வளக் கணக்கெடுப்பின்படி, பயிர் நிலத்திலிருந்து ஆண்டுதோறும் அரித்துப்போன மண் 1982இல் 306 கோடி டன். 2007இல் 173 கோடி டன். 43 சதவீதக் குறைவு. இதில் சிஆர்பியின் பங்கு உண்டு, உழவில்லா விதைப்பின் பங்கும் உண்டு. எல்லாப் பெருமையும் திட்டம் எழுதியவர்களுக்கே என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் வீடு வீடாகப் போய் எழுதிய அந்தத் திட்டங்கள் இல்லாமல் இந்த மாற்றம் இவ்வளவு விரைவில் வந்திருக்குமா?

மறுத்துச் சொல்வோரும் இருக்கிறார்கள், வலுவாகவே சொல்கிறார்கள். முதல் கேள்வி: நிலம் அவருடையது, மண்ணைக் காத்தால் லாபம் அவருக்கு, பொதுப்பணம் எதற்கு? மண் அவருடைய வேலியோடு நின்றுவிடாது என்பதே இதற்கு விடை. 2015இல் அயோவாவின் தலைநகர் டெமாய்ன் நகரக் குடிநீர் வாரியம், ஆற்றில் நைட்ரேட் கலப்பதாகச் சொல்லி மேலே உள்ள சாக், பியூனா விஸ்டா, கல்ஹூன் ஆகிய மூன்று கவுன்டிகளின் வடிகால் வட்டங்கள்மீது வழக்குப் போட்டது. 2017இல் அந்த வழக்கு தள்ளுபடியானது. நகரத்தார் செலவு குறையவில்லை, கிராமத்தார் கோபம் கூடியது, நைட்ரேட் அப்படியே இருந்தது. நியூயார்க் நகரம் வேறு வழி போனது. 1990களில், தன் குடிநீர் வரும் கேட்ஸ்கில் மலைப்பகுதியின் பண்ணைகளுக்கு முழுப் பண்ணைத் திட்டம் போட்டுக்கொடுக்கவும் வேலைகளைச் செய்யவும் நகரமே பணம் கொடுத்தது. பெரும் செலவில் வடிகட்டு நிலையம் கட்ட வேண்டிய கட்டாயத்தைத் தவிர்த்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், பொதுப்பணம் எதை வாங்குகிறது என்பது விளங்கும்.

அப்படியானால் சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்திவிடலாமே என்பது இரண்டாவது கேள்வி. அயோவா அதையும் செய்து பார்த்தது. மண் இழப்பைக் கட்டுப்படுத்தும்படி நில உரிமையாளருக்கு வட்டம் ஆணையிடலாம் என்று அங்கே சட்டம் உண்டு. உட்பரி கவுன்டி வட்டம் ஆர்ட்னர் என்பவர்மீது தொடுத்த வழக்கில் 1979இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அதே சட்டம், செலவில் பங்கு தர அரசிடம் பணம் இருந்தால்தான் கட்டாயப்படுத்தலாம் என்றும் சொல்கிறது. கட்டாயமும் உதவியும் அங்கே ஒன்றோடொன்று கட்டப்பட்டிருக்கின்றன. அது சரியான ஏற்பாடு என்றே நான் கருதுகிறேன். கட்டாயம் வந்தாலும், எந்த வயலில் எந்த அளவுக்கு என்று அளந்து சொல்ல அதே ஆள்தான் வேண்டும்.

மூன்றாவது கேள்விக்கு நான் பாதி தலைவணங்குகிறேன். பணம் நின்றதும் வேலையும் நின்றுவிடுகிறதே என்கிறார்கள். சிஆர்பியில் 2007இல் 3.68 கோடி ஏக்கர் இருந்தது. மக்காச்சோள விலை ஏறியது, ஒப்பந்தம் முடிந்தது, புல்லை உழுது மறுபடி விதைத்தார்கள். லட்சக்கணக்கான ஏக்கர் போயிற்று. இது கசப்பான உண்மை. ஆனால் எது போனது, எது நின்றது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். வாடகை கொடுத்துப் பூட்டிவைத்த நிலம் விலை ஏறியதும் திறந்துகொண்டது. கூன் வேலியின் பட்டைப்பயிரோ, உடன்படிக்கைக் காலம் முடிந்து பல பத்தாண்டுகள் ஆன பிறகும் தொடர்ந்தது. காரணம், அது அந்தப் பண்ணையின் தீவனத்தோடும் மாட்டோடும் வருமானத்தோடும் பொருந்தும்படி அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்து வரைந்தது. எல்லாம் நிலைத்தது என்று சொல்லவும் முடியாது. 2018 ஆகஸ்ட் பெருமழையில் அந்த வட்டாரத்தின் பழைய தடுப்பணைகள் ஐந்து உடைந்தன. அதன் பிறகு அங்கே விவசாயிகளும் ஊராரும் கூடித் தங்களுக்கென்று ஒரு நீர்ப்பிடிப்பு மன்றத்தை அமைத்துக்கொண்டார்கள்.

பெரிய பண்ணைகளே பணத்தை அள்ளிக்கொண்டு போகின்றன என்பது நான்காவது. இதில் நியாயம் அதிகம். ஈக்விப் நிதியில் பாதி கால்நடை சார்ந்த வேலைகளுக்கு என்று சட்டமே சொல்கிறது. 2018ஆம் ஆண்டு வேளாண் சட்டப்படி ஒருவருக்கான உச்சவரம்பு 4.5 லட்சம் டாலர். ஆயிரக்கணக்கான மாடுகளை அடைத்துவைக்கும் நிறுவனத்தின் சாணக்குட்டைக்கு அந்த வரம்பு வரை கொடுத்துவிட்டு, ஐம்பது ஏக்கர்காரரின் மூடுபயிருக்குப் பணமில்லை என்பது அநீதி. அந்த வரம்பைக் குறைக்கத்தான் வேண்டும். அதற்காக உள்ளூர் அலுவலகத்தை மூடி எல்லாவற்றையும் இணையத்தில் வைத்தால் ஏழைக்கு எளிதாகுமா? தெற்கு மாநிலங்களின் கறுப்பின விவசாயிகளை எடுத்துக்கொள்ளுங்கள். உயில் எழுதாமல் தலைமுறை தலைமுறையாக வந்த, பிரிவினையாகாத நிலம் பல குடும்பங்களுக்கு. தெளிவான பத்திரம் இல்லை. அதனால் பண்ணை எண் இல்லை. அதனால் எந்த உதவியும் இல்லை. 2018ஆம் ஆண்டுச் சட்டம் மாற்று ஆவணங்களை ஏற்றுக்கொள்ள வழி திறந்தது. இணையப் படிவம் பத்திரத்தைக் கேட்டுவிட்டு நின்றுவிடும். எந்த ஆவணத்தைக் கொண்டுவந்தால் போதும் என்று எதிரே உட்கார்ந்திருக்கும் ஊழியர்தான் சொல்வார். பெரிய நிறுவனம் படிவம் நிரப்பக் கூலிக்கு ஆலோசகரை வைத்துக்கொள்ளும். சிறியவருக்கு இருக்கும் ஒரே ஆலோசகர் அரசு ஊழியர். அவரையும் எடுத்துவிட்டால் போட்டி எந்தப் பக்கம் சாயும்?

அன்பர்களே, கடைசியாக ஒன்று. எந்தப் பிரச்சினைக்கு முன்னுரிமை, எதற்கு அதிக மதிப்பெண் என்பதில் உள்ளூர்க் குரலுக்கு ஓர் இடம் இருக்கிறது. உள்ளூர்ப் பணிக்குழு என்று ஒரு கூட்டத்தை வட்டம் கூட்டுகிறது. யார் வேண்டுமானாலும் வரலாம். ஓடையரிப்பு முக்கியமா, கிணற்று நீரில் நைட்ரேட் முக்கியமா, மேய்ச்சல் நிலம் முக்கியமா என்று அங்கே பேசிப் பரிந்துரை எழுதுகிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு நிலத்துக்குச் சொந்தக்காரர் வருவார். அயோவாவில் விளைநிலத்தில் பாதிக்கு மேல் குத்தகைக்கு விடப்பட்டிருக்கிறது. அந்தக் குத்தகைக்காரர்கள் வருகிறார்களா? கீழே அந்த நீரைக் குடிக்கும் ஊர்க்காரர்கள் வருகிறார்களா? வட்டக் குழுவின் சம்பளமில்லாத ஐந்து இடங்களுக்குத் தேர்தல் வரும்போது எத்தனை பேர் போட்டியிடுகிறார்கள்? ஒரு கவுன்டிக்கு ஒரு நல்ல திட்டமிடுபவர் வேண்டும் என்று கேட்கும் உரிமை இவர்கள் எல்லோருக்கும் உண்டு; கேட்க வேண்டிய இடமும் அந்தக் கூட்டம்தான். அடுத்த வேளாண் சட்டம் எத்தனை கோடி டாலர் ஒதுக்குகிறது என்று செய்தித்தாள்கள் எழுதும். எத்தனை கவுன்டிகளில் திட்டமிடுபவரின் நாற்காலி காலியாக இருக்கிறது என்ற கணக்கை அதற்குப் பக்கத்திலேயே அச்சிடும்படி கேளுங்கள் என்று அந்த நாட்டு விவசாயிகளுக்கு நான் சொல்வேன்.